வலது காதில் கேட்டது

மூத்தாரைத் திட்டி இந்த வாரமும் கட்டுக் கட்டாகக் கடிதம் வந்திருக்கிறது. 'அந்த ஆள் உருப்படுவாரா?' என்று ஒரு வாசகி சிவப்பு மையில் கேட்டிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அம்மா. மையைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். இந்த வாரம் அது வேறொருவருக்குத் தேவைப்படும்.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் வீடியோ ஸ்டுடியோ. அண்ணன் முதலாளி, தம்பி எடிட்டர். தம்பியின் மனைவிதான் பதினோரு வருடமாகக் கேமராவைத் தோளில் சுமந்தவள். போகிற இடமெல்லாம் பிள்ளைகள் 'கேமரா அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. திங்கட்கிழமை அவளுடைய மூத்தார், அதாவது அந்த அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், இனிமேல் நீ ஷூட்டிங் வர வேண்டாம், வேறு ஆள் போட்டாச்சு என்று. காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தோளில் இருந்ததை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு கேமராக் கடைக்குப் போனாள்.

அந்தக் கடையை நடத்துகிற அம்மாளுக்குப் பொருளை விற்பதைவிட அதைக் குறை சொல்வதில்தான் ருசி அதிகம். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு கையடக்க வீடியோ கேமராவை எடுத்து வைத்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கனம்கூட இல்லை. ஆனால் படம் மட்டும் 4கே. ஸ்டுடியோவில் இருக்கிற பெரிய தோள் கேமராக்களே இன்னும் அந்த அளவுத் துல்லியத்துக்கு வரவில்லை.

"லென்ஸைக் கழற்ற முடியாது. உள்ளே வெளிச்சத்தை வாங்கற சென்சார் நகம் அளவுதான். வெளிச்சத்துல ராஜா, இருட்டுல கூஜா," என்றார் கடைக்கார அம்மாள். "இந்த விலைக்கு எங்கேயாவது ஓர் இடத்துல காலை வாரத்தான் செய்யும். எங்கே வாரும்னு தெரிஞ்சே வாங்கிக்கோ."

கேமரா அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜூம் இருபது மடங்கு. கட்டை விரலை மெதுவாக நகர்த்தினால் சத்தமில்லாமல் போய், எதிர்வரிசைக் கடையின் பூட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும். போட்டோ கேமராவில் வீடியோ எடுக்கிறவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை சூடாகி நின்றுபோகிறதே என்று தலையில் அடித்துக்கொள்வார்களே, அந்தத் தொல்லை இதில் இல்லை. நிறுத்தாமல் ஓடும்.

இன்னொரு வசதியையும் கடைக்கார அம்மாள் காட்டினார். வெளியிலிருந்து மைக் சொருகினால் சாதாரணமாகக் கேமராவின் சொந்தக் காது அடைத்துவிடும். இதில் அப்படி இல்லை. மெனுவில் ஒன்றை மாற்றினால் இரண்டும் சேர்ந்து பதிவாகும். சொருகின மைக் இடது பக்கம், கேமராவின் காது வலது பக்கம். மைக் சொதப்பினாலும் இன்னொன்று கை கொடுக்கும் என்று அவளுக்கு அது பிடித்துப்போனது. அங்கேயே மாற்றி வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பள்ளிக்கூடம். ஆண்டு விழா நாடகம், மூன்று மணி நேரம், ஒரு நொடி விடாமல் எடுக்க வேண்டும். பின்வரிசைக் குழந்தையின் முகமும் பெரிய டிவியில் தெரிய வேண்டும் என்பது பெரிய டீச்சரின் கண்டிப்பு. இன்றைக்கு ஒத்திகை. அதை எடுத்து, சாயந்திரம் ஐந்து மணிக்குள் மாதிரி காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வருடம் முழுக்க அந்தப் பள்ளியின் எல்லா நிகழ்ச்சிகளும் அவளுக்குத்தான். அவள் சேமிப்பில் இந்தக் கேமராவை வாங்கலாம், இதற்கு மேல் எதையும் வாங்க முடியாது. ஆக, அவள் சொந்தக் காலில் நிற்பதும் நிற்காததும் இந்தச் சொம்பளவு சாமானின் கையில் இருந்தது.

"ஆறு மணிக்குள்ள ஒண்ணு பணம் வரணும், இல்லைன்னா டப்பாவோட கேமரா வரணும்," என்று சொல்லிக் கடைக்கார அம்மாள் அதைக் கொடுத்தனுப்பினார். பதினோரு வருடப் பழக்கத்துக்கு அந்த நம்பிக்கையாவது கிடைத்தது.

பள்ளி அரங்கத்தின் வாசலில் கணவர் நின்றுகொண்டிருந்தார். வயிற்று வலி என்று அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

நம்ம எடிட்டரைப் பற்றி இத்தனை வாரத்தில் நான் ஒரு வரி குறை சொல்லி எழுதியிருப்பேனா? குடிக்க மாட்டார், கத்த மாட்டார், கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து ஊராரின் சந்தோஷங்களை வெட்டி ஒட்டுகிற சாதுவான மனிதர். தனக்காக அண்ணனிடமே பொய் சொன்னாரே என்று அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி மூன்று மணி நேரம் நிலைத்தது.

புதுக் கேமராவைச் சோதிக்க அவர்களுக்கு ஒரு முறை உண்டு. ஸ்டாண்டில் மாட்டி, மேடை முழுதும் தெரிகிற மாதிரி பூட்டிவிட்டு, ஒரு மணி நேரம் தொடாமல் ஓடவிடுவார்கள். நடுவில் நிற்கிறதா, சூடாகிறதா, போக்கஸ் அலைகிறதா என்று பிறகு பார்ப்பார்கள். அவரே ஒயரில்லாத மைக்கின் ரிசீவரைக் கேமராவில் சொருகினார். அவரே சிவப்பு விளக்கைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் மேடைக்குப் போய், கதை சொல்லும் குழந்தையின் சட்டையில் மைக்கைக் குத்திவிட்டு, ஓரமாக நின்றாள். ராஜாவாக நடித்த குழந்தைக்குத் தாடி விழுந்துகொண்டே இருந்தது. விழ விழ அவள் ஒட்டிவிட்டாள்.

ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தபோது, அரங்கின் கடைசியில், கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அவர் போன் பேசிக்கொண்டிருந்தார். பாவம், வயிற்று வலிக்காரரை அண்ணன் அங்கேயும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது மணி இரண்டரை. எடிட்டர் ஸ்டுடியோவில் வைத்த சட்டம் ஒன்று உண்டு. படம் பார்க்கும்போது சத்தம் கூடாது, சத்தம் கேட்கும்போது படம் கூடாது. சேர்த்துப் பார்த்தால் ஒன்று மற்றதன் குறையை மூடிவிடுமாம். அதன்படி முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு டிவியில் படத்தைப் பார்த்தார்கள்.

வெளிச்சக் காட்சிகளில் சொல்லவே வேண்டாம். தாடியின் ஓரத்தில் பசை காய்ந்திருந்ததுகூடத் தெரிந்தது. மொத்த மேடையையும் எடுத்த படத்தில் ஒரே ஒரு முகத்தைப் பெரிதாக்கினாலும் உடையவில்லை. ஒரு மணி நேரத்தில் கேமரா ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் காட்டுக் காட்சியில் விளக்கைக் குறைத்ததும் கறுப்புத் திரை முழுக்கப் புள்ளிகள், சர்க்கரை டப்பாவில் எறும்பு மொய்த்த மாதிரி.

எடிட்டர் உச்சுக்கொட்டினார். இது விளையாட்டுச் சாமான், திருப்பிக் கொடுத்துவிடு, அண்ணன் கோபம் நாலு நாளில் தணியும், நானே பேசி மறுபடியும் உன்னைச் சேர்த்துவிடுகிறேன் என்றார். அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது காட்சியில் இரண்டுதான் இருட்டு. இரண்டு விளக்கு கூடுதலாகப் போட்டால் தீர்ந்தது. இதைச் சொன்னதும் அவர், பென் டிரைவ் வாங்கி வருகிறேன், வந்து மாதிரியை வெட்டித் தருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவள் டிவியை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு காது, பிறகு மறு காது. இடது பக்கம் அற்புதமாக இருந்தது. குழந்தை எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. வலது பக்கத்துக்கு மாறினாள். அரங்கின் எதிரொலி, நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ இருமல். ஓட்டி ஓட்டிக் கேட்டுக்கொண்டே போனாள். நாற்பத்தோராவது நிமிடத்தில் பக்கத்திலேயே நின்று பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"சொல்லுங்கண்ணா... ஆமா, ஸ்கூல்லதான் நிக்கிறேன்... ஒண்ணும் பெருசா இல்லை, பொம்மை மாதிரி ஒரு கேமரா. இருட்டு சீன்ல புள்ளி அள்ளும். மாதிரியில அதைத்தான் முதல்ல வைக்கப் போறேன். பெரிய டீச்சர் ரெண்டு நிமிஷம் பார்ப்பாங்க, அவ்வளவுதான். நீங்க நாலு மணிக்கு மேல போன் பண்ணி நம்ம ரேட்டைச் சொல்லிடுங்க."

கொஞ்ச நேரம் அண்ணன் பேசியிருக்க வேண்டும். இவர் 'ம்... ம்...' என்றார். பிறகு சொன்னார்:

"உங்களை யாருண்ணா தப்பு சொல்றது? அவளை நிறுத்துங்கன்னு நான்தானே சொன்னேன். வீட்ல இருப்பான்னு நினைச்சேன், கேமரா வாங்கக் கிளம்புவான்னு கண்டேனா?... அட, அவ எடுத்துட்டு வர்றதுல பாதி குப்பைண்ணா. பதினோரு வருஷமா நான்தான் ஒட்டுப் போட்டு அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுக்கறேன்."

அவள் மறுபடி ஓட்டிக் கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள்தான் வந்தன.

இதற்கு மேல் அந்த மனிதருக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. பத்திரிகைக்கு ஒரு கௌரவம் இருக்கிறதே என்று எழுதுகிறேன்.

வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னது வலித்தது. பள்ளிக்கூடத்தைக் கெடுக்கப் பார்த்தது அதைவிட வலித்தது. ஆனால் மனசை விட்டுப் போக மறுத்தது அந்தக் 'குப்பை'தான். பதினோரு வருடமாக ஒவ்வொரு விழா முடிந்ததும் மெமரி கார்டை அவர் கையில்தான் கொடுப்பாள். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நன்றாக இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பேசாமல் இருப்பதே பாராட்டு என்று அவள்தான் எடுத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. ஏமாந்ததில்கூட அவ்வளவு இல்லை, இத்தனை நாள் சந்தோஷப்பட்டதில்.

எடிட்டர் பென் டிரைவும் இரண்டு டீ பார்சலுமாக வந்தார். அவள் ஹெட்போனை நீட்டினாள்.

"வலது காதுல மட்டும் கேளுங்க. நாற்பத்தோராவது நிமிஷம்."

அவர் கேட்டார். டீ பார்சல் ஒரு கையில் தொங்கிக்கொண்டே இருந்தது. கேட்டு முடித்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"மைக் சொருகினா இந்தப் பக்கம் கட் ஆகணுமே."

"இதுல ஆகாது," என்றாள் அவள். "ரெண்டும் பதிவாகும்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். மறுக்கவில்லை, அந்த மட்டில் நல்லது. விளையாட்டுக்குச் சொன்னது என்று ஆரம்பித்து, அண்ணன் கேட்டதற்காகச் சொன்னது என்று மாற்றி, இரண்டும் எடுபடாமல் போனதும் குரலை இறக்கினார்.

"எங்கே போனாலும் 'அக்கா வரலையா, அக்கா வரலையா'ன்னுதான் கேட்கறாங்க. எடிட்டர்னு ஒருத்தன் இருக்கிறதே ஒருத்தனுக்கும் தெரியாது. நீ தனியாப் போயிட்டா அப்புறம் நான் யாரு? கொஞ்ச நாள் நீ இல்லாம இருந்தா, என் வேலை என்னன்னு எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சிரிப்பே."

"சிரிச்சிருப்பேன்தான். சிரிச்சுட்டு அடுத்த விழாவுக்கு உங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், இவர்தான் எடிட்டர்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேன்." அன்றைக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. "குப்பைன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் கேமராவை நோக்கிக் கையை நீட்டி, கொடு, அந்தப் பேச்சை ஒரு நிமிடத்தில் வெட்டி எடுத்துவிடுகிறேன், ஐந்து மணிக்குள் நல்ல மாதிரியாகவே தயார் பண்ணித் தருகிறேன் என்றார்.

இங்கேதான் அவளுக்குத் தன் நிலைமை முழுதாகப் புரிந்தது. அவள் எடுப்பாள், அவர் வெட்டுவார். இதுவே பழகிவிட்டது. எடிட்டிங் கம்ப்யூட்டர் இதே கூடத்தின் மூலையில்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நொடியை நறுக்கக்கூட அவளுக்குத் தெரியாது. அவரிடம் கொடுத்தால் அவர் குரல் மட்டும் போகுமா, கூடவே வேறு ஏதாவது போகுமா என்றும் தெரியாது. சாதுவான அந்தக் கையை முதல் தடவையாகப் பயத்தோடு பார்த்தாள்.

"வேணாம்," என்றாள். கேமராவையும் டிவியில் சொருகுகிற ஒயரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பெரிய டீச்சரின் அறைச் சுவரில் பெரிய டிவி இருந்தது. கேமரா அக்கா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள், இதில் ஓர் இடத்தில் என் வீட்டுப் பேச்சு பதிவாகிவிட்டது, எனக்கு அதை வெட்டத் தெரியாது, அதனால் சத்தம் இல்லாமல் படத்தைப் பாருங்கள், பிறகு குழந்தையின் குரலைத் தனியாகக் கேட்கலாம் என்று. காட்டுக் காட்சியையும் மறைக்கவில்லை. அதைத்தான் முதலில் போட்டாள். இருட்டில் இந்தக் கேமராவுக்கு இவ்வளவுதான் முடியும், இரண்டு விளக்கு கூடுதலாக வேண்டும் என்றாள்.

பெரிய டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் பின்வரிசையில் மரமாக நிற்கிற ஒரு குழந்தையைக் காட்டி, அந்த முகத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அவள் பெரிதாக்கினாள். இலைக் கிரீடத்துக்குக் கீழே அந்தக் குழந்தை, வசனம் ஏதும் இல்லாதது, கதை சொல்லும் குழந்தையோடு சேர்ந்து ஒவ்வொரு வரியையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"நீங்க வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ஸ்டுடியோலேருந்து போன் வந்தது. குறைச்ச ரேட்டுக்குப் பண்றாங்களாம். உங்க கேமரா பொம்மைன்னாங்க," என்றார் பெரிய டீச்சர். "என் பிள்ளைகள்ல பாதிப்பேர் வருஷா வருஷம் மரமாத்தான் நிக்கிறாங்க. அவங்க முகம் இதுவரைக்கும் எந்த வீடியோவிலும் வந்ததில்லை. நீங்களே எடுங்க."

அவள் டிவியிலிருந்து ஒயரைக் கழற்றிச் சுருட்டினாள்.

"எடிட்டிங் யாரு?" என்று பெரிய டீச்சர் பேனாவைத் திறந்தார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். படிவத்தில் நிரப்ப வேண்டும்.

"நான்தான்," என்றாள் கேமரா அக்கா. காட்டுக் காட்சியைக்கூட மறைக்காதவள் அன்றைக்குச் சொன்ன ஒரே பொய் அது. விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வெளியே வந்தால், வாசலில் எடிட்டர். கையில் கேமராவின் டப்பா. கடையில் டப்பாவோடு கேட்பார்களே, மறந்துவிட்டு வந்துவிட்டாய் என்றார். குரல் பழையபடி சாதுவாக இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றாள். எடிட்டிங் யார் என்று கேட்டார்கள், நான்தான் என்று சொல்லிவிட்டேன் என்றாள்.

"உனக்கு ஒரு கட் போடத் தெரியாதே."

"தெரியாதுதான். பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்தீங்களா?"

அவர் டப்பாவின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை, அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

"சொல்லித் தரேன்," என்றார். "இன்னைக்கே ஆரம்பிக்கலாம். மூணு வாரத்துல கத்துக்கலாம், கஷ்டமில்லை."

அவளுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியது. மனிதர் நிஜமாகவே மனசு மாறியிருந்தால்? எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிற வீடுகள் இல்லையா? சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஆனா ஒண்ணு," என்றார் அவர். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்ல இருக்கிற கம்ப்யூட்டர் ஸ்டுடியோவோடதுன்னு நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போக ஆள் அனுப்பறாராம் அண்ணன்."

"நடந்ததெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?"

அவர் நிமிரவில்லை.

"யார் சொன்னது?" என்று மறுபடி கேட்டாள்.

"நீ வீட்டை விட்டுக் கிளம்பினதும் போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொன்னேன்." நிமிர்ந்து பார்த்தார். தன் தப்பு என்னவென்று உண்மையிலேயே விளங்காத முகம் அது. "பழக்கத்துல பண்ணிட்டேன்."

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கி, கேமராவை அதற்குள் வைத்து, மூடினாள். மணி ஐந்தரை. கடை ஆறு மணி வரைதான். அவர் கூடவே இரண்டு அடி வந்தார், வர வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

கேமராவை வாங்கிவிடுவது என்று அவள் முடிவு செய்தாயிற்று. வாங்கிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.